சைனகுண்டாவுக்கு அந்தப் பக்கம் அம்மா

குடியாத்தம்
18.10.2020

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. போனில் அத்தனை பேசியும் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, அதை நினைத்தாலே மனசு நிறைகிறது. காட்பாடி ஆக்சிலியம் கல்லூரி விடுதியில் எனக்கு நோட்டுக் கடன் கொடுத்த அதே கையெழுத்து, கொஞ்சம்கூட மாறவில்லை.

முதலில் நல்ல செய்தி. அம்மாவைப் பார்த்துவிட்டேன்டி. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தலை பின்னிவிட்டு, கூடவே படுத்துத் தூங்கிவிட்டு வந்தேன்.

கொரோனாவுக்காகக் கேரள எல்லையில், களியக்காவிளையில் உன்னைத் திருப்பி அனுப்பியதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மார்த்தாண்டத்திலிருந்து நெய்யாற்றின்கரை எவ்வளவு தூரம்? ஏழாம் மாசத்துப் பெண்ணுக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு போனவளை, பதிவில் ஏதோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பலகாரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? நீ அதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். மீதி எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கதையை முழுசாக நான் உன்னிடம் சொன்னதே இல்லை. தம்பி ஆந்திராவில் பலமநேர் பக்கத்தில் தக்காளி பயிர் செய்கிறான், அம்மா அவனோடு இருக்கிறாள், இது உனக்குத் தெரியும். குடியாத்தத்திலிருந்து மோர்தானா பக்கமாக ஏறி, எல்லைச் சாவடியான சைனகுண்டா தாண்டி, காட்டுப் பாதையில் போனால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நிதானமாகப் போய்ச் சேரலாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த ரோட்டில் போய் வந்துகொண்டிருக்கிறேன். சாவடியில் பஸ் நிற்கும், யாராவது ஏறிப் பார்ப்பார்கள், பஸ் கிளம்பும். வேறு ராஜ்யத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பக்கம் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், இந்தப் பக்கம் பாதி வீட்டில் தெலுங்கு. நைனாவுக்கு அவருடைய தாத்தா விட்டுப்போன நிலப் பத்திரத்தில் 'வடாற்காடு ஜில்லா, பலமநேர் தாலுகா' என்றுதான் எழுதியிருக்கும். 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. அதுவரை வடாற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான், அப்புறம்தான் வேலூருக்கு வந்தது. 1953இல் ஆந்திரா பிரிந்தது, 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இந்த வருஷங்களையெல்லாம் பிள்ளைகளுக்கு வரைபடம் போட்டு நடத்தினேன். இந்தக் கோடு இந்த வருஷம்தான் என் வீட்டுக்குள் வந்து விழுந்தது.

கடைசியாகப் போனது மாசி சிவராத்திரிக்கு. மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தோம், 25இலிருந்து நாடே அடைந்தது. மூன்று வாரம்தானே என்று இருந்தேன். ஏப்ரல் கடைசியில் சைனகுண்டாவில் ரோட்டுக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் கல் அடுக்கிச் சுவரே எழுப்பிவிட்டார்கள். பொன்னைப் பக்கமும் அப்படியே. பேப்பரில் நீயும் பார்த்திருப்பாய். சித்தூர் அதிகாரிகள் பேசிய பிறகு சில நாளிலேயே இடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் என் அம்மா.

பயந்து கட்டியவர்களை நான் திட்டமாட்டேன். அந்த மாசம் காளஹஸ்தியில் நோய் பரவிக் கிடந்தது. அடுத்தாற்போல் கோயம்பேட்டு மார்க்கெட்டிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் ஆளை இழந்தோம். ஜனங்கள் நடமாடினால் நோயும் நடமாடும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் மனசு ஆறாதது வேறு ஒன்றில். அதைச் சொல்லத்தான் இத்தனை எழுதுகிறேன்.

ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு, அந்த இ-பாஸ் கேட்கும் இடத்தில் காரணம் என்று ஒரு பட்டியல் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சாவு, கல்யாணம், வைத்தியம், வெளியூரில் மாட்டிக்கொண்டவர்கள். பெற்றவளைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதில் இடமே இல்லை. உனக்குத் தெரியும், அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. எதிரில் உட்கார்ந்து, உதடு அசைவதைப் பார்த்துத்தான் நாம் சொல்வதைப் புரிந்துகொள்வாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நல்லா கீறியாமா? நல்லா கீறியாமா?" என்று அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருப்பாள், நான் கத்துவது எதுவும் போய்ச் சேராது. தம்பி மகன் வீடியோ கால் போட்டுத் தருவான். சிக்னல் விட்டுவிட்டு வந்து, என் முகம் பாதியில் உறைந்து நின்றுவிடும். "ஏன் பேசமாட்டேங்கிறா, கோவமா?" என்று அவனைக் கேட்பாளாம். போனில் பேசிக்கொள்ளலாமே என்று ஆலோசனை சொன்னவர்களுக்கு இதை எப்படிப் புரிய வைப்பேன்?

இதையெல்லாம் எழுதி, சர்க்கரை நோய்க்காரி, வயசு எண்பதைத் தாண்டியவள் என்று மருந்துச் சீட்டையும் சேர்த்து அனுப்பினேன். நிராகரித்து பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடியும் அதே பதில். மாத்திரை மட்டும் போய்க்கொண்டுதான் இருந்தது. சரக்கு வண்டிகளை நிறுத்தவில்லை அல்லவா, தம்பியின் தக்காளியை ஏற்றிக்கொண்டு இங்கே வருகிற வண்டிக்காரர் திரும்பும்போது அம்மாவின் மாத்திரையும் நான் பொரித்த முறுக்கும் அவரோடு போகும். அந்த மனிதர் ஒருமுறைகூடக் காசு வாங்கவில்லை. அவர் வண்டியில் ஏறிக்கொள்ளலாமா என்று நான் நிஜமாகவே நினைத்த நாட்கள் உண்டு.

ஜூன் மாசம் மண்டலம் மண்டலமாகப் பிரித்து பஸ் விட்டார்களே, அப்போது ஆரணியில் இருக்கும் அக்காவையாவது பார்க்கலாம் என்று கிளம்பப் பார்த்தேன். வேலூர் ஒரு மண்டலம், திருவண்ணாமலை வேறு மண்டலம். குடியாத்தத்துக்காரி தருமபுரிக்குப் பாஸ் இல்லாமல் போகலாம், ஆரணிக்கு முடியாது. 1989வரை ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள்டி குடியாத்தமும் ஆரணியும்.

அந்த ஜூனில்தான் தம்பி ஒரு யோசனை சொன்னான். அம்மாவை வண்டியில் உட்கார வைத்துச் சாவடிவரை கூட்டி வந்தான். இந்தப் பக்கம் நானும் வீட்டுக்காரரும் போய் நின்றோம். நடுவில் இரும்புத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் விட்டு இன்னொரு தடுப்பு. அம்மா மாசிக்குப் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். வெயில். காவலுக்கு நின்ற பையன் ஒருவன், என் மகன் வயசு இருக்கும், தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் அம்மாவுக்குப் போட்டான். அவனும் தன் குழந்தையைப் பார்த்து மாசக் கணக்காகிறது என்று அப்புறம் சொன்னான்.

நான் கத்திப் பேசினேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை. வாயில் மாஸ்க். "மூஞ்ச மூடிக்கினு பேசினா எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். அந்தப் பையனைப் பார்த்தேன், அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மாஸ்க்கைக் கீழே இறக்கி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். சாப்பிட்டியாமா. மாத்திரை வந்துச்சா. கால் வீக்கம் எப்படி இருக்கு. அவள் கையைத் தூக்கிக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னாள். கேவுறு மாவு அரைத்து ஒரு பை கொண்டு வந்திருந்தாள், அதைத் தடுப்புக்கு நடுவில் தம்பி வைத்துவிட்டு நகர, இவர் போய் எடுத்து வந்தார். இறங்கி வரும்போது இவர்தான் ரொம்ப அழுதார். உனக்கு அவரைத் தெரியுமே, எதற்கும் கண் கலங்காதவர்.

ஜூலையில் சித்தூரில் பெரியம்மா தவறிப்போனாள். என்னைச் சின்ன வயசில் வளர்த்தவள். படுக்கையில் விழுந்ததிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அவளைப் பார்க்கவும் பாஸ் கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. அவள் போன அன்றைக்குக் காரணத்தில் சாவு என்று போட்டு அனுப்பினோம், உடனே வந்துவிட்டது. பரதராமி வழியாகக் காரில் போனோம், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்பதால் வாசலில் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வெளியே வரக்கூடாது என்பதால் கூடப் பிறந்த அக்காவின் முகத்தை அம்மா கடைசியாகப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிப் பதினாலு நாள் உள்ளேயே இருந்தோம்.

இதுதான்டி எனக்கு ஆறவில்லை. போகவே கூடாது என்றிருந்தால் ஊரோடு நமக்கும் என்று இருந்துவிடலாம். செத்தவளைப் பார்க்கப் போகலாம், சாகக் கிடப்பவளைப் பார்க்கப் போகக்கூடாது என்றால் அது எந்த ஊர் நியாயம்? பெரியம்மா கண் திறந்திருந்தபோது அரை மணி நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நோய் எவ்வளவு கூடியிருக்கும்? அவள் வீட்டில் இருபது பேர் கூடி அழுததைவிடக் கூடியிருக்குமா? மறுபடி இப்படி ஒரு காலம் வந்தால், வராமல் இருக்கட்டும், வயசான தாய் தகப்பனைப் பார்க்க என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும். சோதனை செய்யட்டும், மாசம் ஒருமுறைதான் என்று சொல்லட்டும், இரண்டு பேருக்குமேல் போகாதே என்று சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். நானே ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் நகல் அனுப்புகிறேன், நீ பார்த்துத் திருத்திக் கொடு.

ஆகஸ்ட் 17இலிருந்து ஆதாரும் போன் நம்பரும் கொடுத்தால் பாஸ் தானாக வர ஆரம்பித்தது. செப்டம்பர் பிறந்ததும் மாவட்டத்துக்கு மாவட்டம் பாஸே வேண்டாம் என்றார்கள், முதலில் ஆரணிக்கு ஓடினேன். எல்லை தாண்டித் திரும்பி வருவதற்கு இன்னும் பாஸ் வேண்டும், ஆனால் கேட்டதும் கிடைக்கிறது. பஸ்தான் இன்னும் விடவில்லை. சைனகுண்டாவரை ஆட்டோவில் போய் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து தாண்டினேன். அந்தப் பக்கம் தம்பி வண்டியோடு நின்றான். முதல் நாள் ராத்திரிதான் அந்த ரோட்டை யானைகள் கடந்து போயிருக்கின்றன, வழியெல்லாம் சாணம், முறிந்த மூங்கில். தம்பி ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான்.

அம்மா திண்ணையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, "கை கால் கழுவிக்கினு வா" என்றாள், அவ்வளவுதான். உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்தேன். களி கிண்டி வைத்திருந்தாள், கத்திரிக்காய்க் கடைசல். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் பேச ஆரம்பித்தாள். மாசிக்குப் பிறகு நடந்ததெல்லாம், யார் வீட்டில் கன்று போட்டது, தக்காளியைப் பறிக்க ஆள் இல்லாமல் கொடியிலேயே விட்டது, கங்கம்மா ஜாத்திரை இல்லாமல் போனது, இங்கே வைகாசியில் நம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா எப்படி நடந்தது என்று கேள்வி. கூட்டமே இல்லாமல் நடந்தது என்று சொன்னேன், "அம்மன் கோச்சுக்கமாட்டா" என்றாள். பெரியம்மாவைப் பற்றி ராத்திரி விளக்கணைத்த பிறகுதான் கேட்டாள். இருட்டில் அவளுக்கு என் உதடு தெரியாது. எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் புடவை கட்டியிருந்தார்கள் என்றுகூடக் கேட்டாள்.

மற்றபடி இங்கே எல்லாரும் சௌக்கியம். பேரன் போனில் பாடம் படிக்கிறான், கண் கெட்டுவிடுமோ என்று எனக்குக் கவலை. பீடிக் கம்பெனிகள் திறந்துவிட்டன, தறிச் சத்தமும் தெருவில் கேட்கிறது, ஆனால் லுங்கி போகமாட்டேன் என்கிறது, முதலாளிகள் கூலியைப் பாதியாகக் கொடுக்கிறார்கள். மே மாசம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்கு ரயில் விட்டார்களே, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் மாட்டிக்கொண்ட வங்காளத்துக் குடும்பம் ஒன்றும் அப்படி ஒரு ரயிலுக்குக் காத்திருந்தது என்று சொன்னேன் அல்லவா, அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தார்கள்.

இப்போது உன் விஷயம். பெண்ணுக்கு நாள் குறித்திருப்பது கார்த்திகையில்தானே? பதிவைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதே. பிரசவத்துக்கு என்பதால் ஆஸ்பத்திரிச் சீட்டை இப்போதே வாங்கி வைத்துக்கொள், உன் ஆதாரில் இருக்கிற பெயரும் சீட்டில் தாய் என்று போட்டிருக்கிற பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். முடிந்தால் பத்து நாள் முன்னாலேயே போய் அங்கே இருந்துவிடு. வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே, அண்ணன் சமைத்துக்கொள்வார். குழந்தை பிறந்ததும் ராத்திரியானாலும் பரவாயில்லை, எனக்குப் போன் பண்ணு.

அம்மா உன்னைக் கேட்டாள். மீன் குழம்பு வைத்துக் கொடுத்த நாகர்கோவில் பொண்ணு எப்படி இருக்கிறாள் என்றாள்.

உன் அன்புத் தோழி