மிருகக்காட்சிசாலை எலக்ட்ரீஷியன்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் தாமதம். இடது கண் இப்போது பளிச். வலது கண்ணுக்குத் தை பிறக்கட்டும் என்கிறாள் வீட்டில்.

அமெரிக்காவில் மகன் வீட்டு ஜன்னலோரம் பனியைப் பார்த்துக்கொண்டு "நாடு கடத்தப்பட்டவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. உன் பையில் திரும்பி வர டிக்கெட் இருக்கிறதடா. அந்த வார்த்தைக்கு உரியவர் ஒருவர் அதே அமெரிக்காவில் இருக்கிறார், அதுவும் நம்ம தொழில்காரர். வெய் ஜிங்ஷெங். பெய்ஜிங் மிருகக்காட்சிசாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர்.

நாம் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிக்கச் சேர்ந்தது 1978. நீ டெஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வருஷம். அதே வருஷம் டிசம்பர் 5 விடியற்காலை, பெய்ஜிங்கில், ஜனங்கள் தங்கள் கருத்தை எழுதி ஒட்டிய ஷிதான் தெருச் சுவரில், வெய்யின் கட்டுரையை ஒட்டினார்கள். விவசாயம், தொழில், ராணுவம், அறிவியல் என்று நான்கு நவீனமயமாக்கலை அரசு அப்போது பேசிக்கொண்டிருந்தது. ஐந்தாவதாக ஒன்று வேண்டும், ஜனநாயகம், அது இல்லாமல் மற்ற நான்கும் வெறும் பேச்சு என்று எழுதியிருந்தார் அந்த 28 வயதுக்காரர். மொட்டைக் கடிதமில்லை, எழுதியது யார் என்று தெரியும்படிதான் எழுதினார்.

ஏழைக் கூலியின் மகனும் இல்லை. அப்பா கம்யூனிஸ்ட் கட்சியில் அதிகாரி. மாவோவின் எழுத்தில் தினமும் ஒரு பக்கம் மனப்பாடம் செய்தால்தான் சாப்பாடு என்று வளர்த்திருக்கிறார். பையனும் மாவோ தூண்டிய கலாசாரப் புரட்சியில் செங்காவலனாகி, அதாவது மாவோவின் மாணவர் படையில் சேர்ந்து, ரயிலேறி நாடு சுற்றப் போனான். வடமேற்கே கான்சூ பக்கம் ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. பிச்சைக்காரர்கள் ஜன்னலோரம் வருகிறார்கள். அதில் பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கை நீட்டுகிறாள். தலைமுடி தோளை மூடியிருக்கிறது, உடம்பெல்லாம் கரியும் சேறும். ஏதோ துணி சுற்றியிருக்கிறாள் என்று நினைத்தவன் பிறகுதான் கவனிக்கிறான், அவள் மேல் துணியே இல்லை. அந்தக் காட்சியை அவரே எழுதியிருக்கிறார். மனப்பாடம் செய்த பக்கங்கள் எல்லாம் அந்த பிளாட்பாரத்தில்தான் விழுந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணம் சொல்லலாம்.

1979 மார்ச்சில், மாவோவுக்குப் பின் ஆட்சியைக் கையில் எடுத்த டெங் சியாவோபிங்கைப் பெயர் சொல்லியே, இவர் புதிய சர்வாதிகாரி ஆகப் பார்க்கிறார், எச்சரிக்கையாக இருங்கள் என்று எழுதினார். சில நாளில், மார்ச் 29 அன்று, கைது. அக்டோபரில் 15 ஆண்டு தண்டனை. சிங்ஹாய் மேட்டுநிலச் சிறை, பிறகு கடலோரத்தில் நான்பு உப்பளம். இதயக் கோளாறு வந்தது, பற்கள் பல உதிர்ந்தன. உப்பளத்தில் முயல் வளர்த்தார். மிருகக்காட்சிசாலை விட்ட குறை தொட்ட குறை போல. டெங்குக்கே கடிதம் மேல் கடிதமாக எழுதினார், கெஞ்சல் துளிகூட இல்லை. சிறையிலிருந்து எழுதுகிற பாவனையே கிடையாது, பக்கத்துத் தெருக்காரருக்கு எழுதுகிற மாதிரிதான். 1992-ல் திபெத் பற்றி நீளமாக ஒன்று எழுதினார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. 1993 செப்டம்பர் 14 அன்று, தண்டனை முடிய ஆறு மாதம் இருக்கும்போது, அவரை விட்டார்கள். ஏன் தெரியுமா? 2000-ம் ஆண்டு ஒலிம்பிக்கை பெய்ஜிங் கேட்டிருந்தது. செப்டம்பர் 23 அன்று ஓட்டெடுப்பு. சிட்னிக்கு 45, பெய்ஜிங்குக்கு 43. இரண்டே ஓட்டில் போயிற்று. வெளியே வந்தவர் சும்மா இருந்தாரா? அமெரிக்க மனித உரிமை அதிகாரி ஒருவரைச் சந்தித்தார், பேட்டி கொடுத்தார். 1994-ல் மறுபடி பிடித்தார்கள், 1995 டிசம்பரில் இன்னும் 14 ஆண்டு.

1997 அக்டோபர் கடைசியில் அதிபர் ஜியாங் ஜெமின் அமெரிக்கா போய் வந்தார். நவம்பர் 16 அன்று இவரை 'மருத்துவ விடுப்பு' என்ற பெயரில் விமானமேற்றி டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டனையை ரத்து செய்யவில்லை, கவனி. திரும்பிப் போனால் மிச்சம் காத்திருந்தது. அடுத்த ஏப்ரலில், 1989 தியானன்மென் சதுக்க ஜனநாயகப் போராட்டத்தின் மாணவர் தலைவர் வாங் டானையும் அதே டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள், ஜூனில் கிளின்டன் சீனா போனார். சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிற மாதிரி, தேவைப்படும்போது ஒருத்தரை ஓட்டி வருகிறார்கள்.

வெய் சிறையில் இருந்தவரை, பெய்ஜிங்கில் கைகுலுக்கப் போகிற வெளிநாட்டுத் தலைவர்களுக்கு அவர் பெயர் ஒரு சங்கடம். வாஷிங்டனில் குடியேறியதும் சிகரெட்டும் கையுமாகக் கூட்டங்களில் பேசுகிற பெரியவர் ஆகிவிட்டார். 2000-ல் சீனாவுக்கு நிரந்தர வர்த்தகச் சலுகை தராதீர்கள், சலுகையைப் புதுப்பிக்கும்போது வருஷா வருஷம் கேள்வி கேட்கிற உரிமையை விடாதீர்கள் என்று அமெரிக்க எம்.பி.க்களிடம் நடையாய் நடந்தார். தந்தார்கள். அதில் அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். அவர் பேசுவது எல்லாம் எனக்கு ஒப்புதல் என்று நினைத்துவிடாதே, புலம்பெயர்ந்தவர்களுக்குள் நடக்கிற குழுச்சண்டையில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் செலவில்லாத சிறை எது என்பதைச் சீன அரசு கண்டுபிடித்துவிட்டது, மாணிக்கம். கம்பியும் வேண்டாம், காவலரும் வேண்டாம்.

இன்னொருவர் ஊவர்காய்ஷி. 1989 தியானன்மென் மாணவர், தேடப்பட்ட 21 பேரில் இரண்டாவது பெயர். மருத்துவமனை பைஜாமாவோடு பிரதமர் லீ பெங்கை எதிர்த்துப் பேசிய பையன். தப்பிப் போய் தைவானில் குடியேறினார். அவர் என்ன செய்தார் தெரியுமா? என்னைக் கைது செய்யுங்கள் என்று 2009-ல் சீனாவுக்குச் சொந்தமான மக்காவ் போனார், திருப்பி அனுப்பினார்கள். 2010-ல் டோக்கியோவில் சீனத் தூதரகத்துக்குள் நுழையப் பார்த்தார், ஜப்பான் போலீஸ் பிடித்தது. 2012-ல் வாஷிங்டன் சீனத் தூதரகம், யாரும் கண்டுகொள்ளவில்லை. 2013-ல் ஹாங்காங், திரும்பவும் விமானம். சீனாவில் இருந்த அப்பா அம்மாவுக்கு, மகனைப் பார்க்க வர பாஸ்போர்ட் தரவில்லை. சிறையில் வந்தாவது பார்ப்பார்களே என்பதுதான் கணக்கு. பட்டியலில் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, ஊர்க் கதை. உன் வீட்டு மோட்டாரில் கெப்பாசிட்டர் போயிருந்தது, மாற்றிவிட்டேன். வாடகைக்காரரிடம் காசு வாங்கவில்லை, உன் கணக்கில் எழுதியிருக்கிறேன். தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி? குளிருக்கு எண்ணெய் தேய்க்கச் சொல். பங்குனியில் வரும்போது எனக்கு ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கி வா. பெரிய எண் தெரிகிறதாகப் பார், வலது கண்ணை இன்னும் நம்ப முடியாது.

உன்,
ரத்தினம்