காவிரி வேறு, கொள்ளிடம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் திருச்சிப் பாலங்கள் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: '1976-ல் கட்டிய கொள்ளிடம் பழைய பாலம் வயதாகிப்போனதால் 2018 வெள்ளத்தில் விழுந்தது.' முக்கொம்பில் பிரிந்த இரண்டு ஆறுகளையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டீர்கள். சந்தோஷம்.

1976-ல் வந்தது சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவிலுள்ள காவிரிப் பாலம். திருவானைக்காவலிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் போகும் வழியில் இருந்த கொள்ளிடம் பாலம் 1928. உங்களுக்குத் தெரியாததா?

போகட்டும். வயதாகிவிட்டதாமே! 2016-ல் பக்கத்தில் புதுப்பாலம் திறக்கும்வரை 88 வருஷம் பஸ்ஸும் லாரியும் சுமந்த பாலம் அது. மூடிய பிறகு நான் தினமும் காலையில் அதில்தான் நடப்பேன். கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் பனியும் துருவும் சேர்ந்து உள்ளங்கை செம்மண்ணாகிவிடும். என் சின்ன வயதில் தூண்களெல்லாம் மணலில் புதைந்து நிற்கும். பிற்பாடு அடிப்பாகம் ஆளுயரத்துக்கு வெளியே தெரிந்தது. அந்த மணல் நடந்தா போயிற்று? ராத்திரியெல்லாம் லாரிச் சத்தம் கேட்டவன் நான். அப்போதும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். இடப் பற்றாக்குறை போலும். பாலம் விழுந்த அதே வாரம் முக்கொம்பு அணையில் 9 மதகுகள் போயின. அதற்கும் வயதுதான் காரணம் என்று எழுதியிருப்பீர்கள்.

சின்னவர் கதையையும் கேளுங்கள். 46 வயதிலேயே பேரிங் மாற்ற வேண்டுமென்று 2022-ல் காவிரிப் பாலத்தை மூடினார்கள். மாம்பழச்சாலையிலிருந்து பத்து நிமிஷத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகிறவன், பேரனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சஞ்சீவி நகர் சுற்றி, லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். திறந்ததைப் படத்தோடு போட்டீர்கள். மாதக்கணக்கில் நாங்கள் சுற்றியதை ஏனோ காணோம்.

கொள்ளிடம் பழைய பாலத்தைப் பிற்பாடு இடித்தும் எடுத்துவிட்டார்கள். அங்கே ஆண்டைச் சொல்ல ஒரு கல்லாவது நடுங்கள் என்று கேட்டால் யார் காதில் விழும்? அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: கொள்ளிடம் 1928, காவிரி 1976 என்று ஒரு திருத்தம். தப்பு வந்த அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில். வரி விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய வாசகர்,
திருவானைக்காவல்