கதவோரத்தில் நிற்பவர்

அன்புள்ள ராமு,

நலம். உனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கை சொன்னாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

நான் இன்னும் பாரிசில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். முந்தாநாள் ஓர்சே மியூசியத்தில் ஒரே படத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன். ஸ்டூடியோவில் நாற்பது வருஷம் குரூப் போட்டோ எடுத்த நீ பார்க்க வேண்டிய படம் அது.

1868-இல் ஜேம்ஸ் டிஸ்ஸோ வரைந்தது. ரூ ரொயால் கிளப்பின் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், கொன்கோர்ட் சதுக்கத்தைப் பார்த்த மாடத்தில் உட்கார்ந்தும் நின்றும் இருக்கிறார்கள். கீழே ஒரு புள்ளி நாய். படத்தின் அகலமே கிட்டத்தட்ட 2.8 மீட்டர். ஆளுக்கு 1,000 பிராங்க் போட்டு வரையச் சொல்லி, யாருக்குச் சொந்தம் என்று கடைசியில் குலுக்கிப் பார்த்தார்களாம், நம் ஊர் சீட்டு மாதிரி! சீட்டு விழுந்தது ஒட்டிங்கேர் பிரபுவுக்கு. அவர் குடும்பத்திடமிருந்து 2011-இல் மியூசியம் சுமார் 40 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியிருக்கிறது.

எல்லாரும் பெரிய இடத்து ஆட்கள். இளவரசர், மார்க்கி, பிரபு, ஒரு கேப்டன். அதில் கலிஃபே மார்க்கி என்பவர் மூன்றே வருஷத்தில், பாரிஸ் நகரத்தைக் கைப்பற்றிய கம்யூன் என்ற கிளர்ச்சிக்காரர்களைச் சுட்டுத் தள்ளியதற்குப் பேர் போனவர். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அமைதியான மாடம் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வலது ஓரத்தில் இருப்பவர். ஷார்ல் ஹாஸ். பெயருக்கு முன்னால் பட்டம் எதுவும் இல்லாதவர், யூதர். அந்தக் காலத்து பாரிஸ் கிளப்புகள் யூதர்களுக்கு லேசில் கதவு திறக்காது. ஹாஸ் தன் பேச்சாலும் ரசனையாலும் உள்ளே வந்தவர். மற்றவர்களெல்லாம் மாடத்தில் சாவகாசமாக இருக்க, டிஸ்ஸோ இவரை மட்டும் கதவு நிலையில் நிற்க வைத்திருக்கிறார். பின்னாளில் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் தன் நாவலில் ஸ்வான் என்ற பாத்திரத்தைப் படைத்தது பெரும்பாலும் இந்த மனிதரை வைத்துத்தான். இன்றைக்கு அந்தப் பன்னிரண்டு பேரில் ஜனங்கள் தேடி வந்து பார்ப்பது இவரைத்தான் என்று நினைக்கிறேன். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியும் நேராக அவரைத்தான் பேரனுக்குக் காட்டினார்.

டிஸ்ஸோ ஏன் அப்படி நிறுத்தினார் என்று தெரியவில்லை. உண்மையைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்போது உன் ஞாபகம்தான் வந்தது. ஹாஸ்டலில் கடைசி வருஷம் குரூப் போட்டோ எடுத்தபோது, மெஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த சமையல்கார அண்ணனை, "அண்ணே, கொஞ்சம் உள்ளே வாங்க" என்று கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தாயே! ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

அந்தப் படம் உன்னிடம் இருக்கிறதா? என்னுடையது வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது. இருந்தால் ஒரு காப்பி போட்டு வை. பொங்கலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சேகர்