சிங்க் பட்டன் இருக்கட்டும், முதல்ல காதைப் பழக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாண டிஜே பத்தி உங்க பத்திரிகையில வந்த கட்டுரைய படிச்சேன். இப்ப எல்லாத்தையும் மெஷினே பாத்துக்குது, சிங்க் பட்டன அமுக்கினா ரெண்டு பாட்டோட வேகமும் அடியும் தானா சேந்துக்கும், பழைய ஆளுங்க சொல்ற காது கணக்கெல்லாம் இனிமே தேவையில்லங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. நான் நீடாமங்கலத்துல சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கேன், மைக்செட் காலத்துலேர்ந்து இதே தொழில்தான், அதனால பதில் எழுதாம இருக்க முடியல. சிங்க் வேணாம்னு சொல்ல வரல, எங்க பசங்களும் அதத்தான் யூஸ் பண்றாங்க. ஆனா நம்ம ஊர் பாட்டுக்கும் மேளத்துக்கும் அத மட்டும் நம்பி மேடை ஏறக்கூடாது.

சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னா, பாட்ட முன்னாடியே அனலைஸ் பண்ணி அடி எங்கெங்க விழுதுன்னு கோடு போட்டு வச்சுக்கும், பீட்கிரிட்னு சொல்லுவோம். சிங்க் அமுக்கினா ரெண்டு பாட்டோட கோட்டையும் ஒண்ணா கொண்டாந்து நிறுத்தும், அவ்ளோதான், அந்த நேரத்துல அது பாட்ட கேக்கறதே இல்ல. கம்ப்யூட்டர்லயே செஞ்ச ஹவுஸ், டெக்னோ மாதிரி டான்ஸ் மியூசிக் எல்லாம் நிமிஷத்துக்கு 125, 128 அடின்னு கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல நாலு நாலா போகும், அதுக்கு கச்சிதமா உக்காரும். நம்ம குத்துப் பாட்டுல நிறைய தகிட தகிடன்னு மும்மூணா போற நடை. காதுல கேட்டா நிமிஷத்துக்கு 95 அடி, ஸ்கிரீன்ல பாத்தா சில சமயம் 142.5னு காட்டும், மும்மூணா எண்ண வேண்டியத ரெண்டு ரெண்டா எண்ணி ஒண்ணரை மடங்காக்கிடுது. 80கள்ல வந்த பாட்டுங்க இன்னொரு விதம். அதுல நிறைய பாட்டு ஸ்டுடியோல ஆளுங்க உக்காந்து கையால வாசிச்சது, பல்லவியில ஒரு வேகம் இருக்கும், ரெண்டாவது சரணம் வரும்போது கொஞ்சம் ஏறியிருக்கும், அதுதான் அந்தப் பாட்டுக்கே உயிரு, ஆனா கோடு பல்லவி வேகத்துலயே நின்னுடும். ரெக்கார்ட்பாக்ஸ்ங்கற டிஜே சாஃப்ட்வேர்ல வேகம் மாறற பாட்டுக்குன்னே டைனமிக்னு ஒரு மோட் இருக்கு, செராட்டோங்கற இன்னொரு சாஃப்ட்வேர்லயும் கிரிட்ட இழுத்து சரி பண்ணலாம், நல்ல வசதிதான். எங்க தப்பா இருக்குன்னு யாரு கண்டுபிடிக்கறது? காதுதானே.

இதவிட முக்கியம் தவில். இப்பல்லாம் ரிசப்ஷன்ல டிஜேயும் தவிலும் சேத்து கேக்கறாங்க. மன்னார்குடி பக்கம் ஒரு கல்யாணத்துல வெளியூர்லேர்ந்து ஒரு டிஜே பையன் வந்திருந்தான், சவுண்ட் மட்டும் எங்களது. தவில்காரர் வலது கை விரல்ல கூடு மாட்டிக்கிட்டு இடது கை குச்சியோட அருமையா வாசிச்சிட்டு வந்தாரு, தீர்மானத்துக்கு, அதாவது முடிக்கற அடிக்கு, வரும்போது வேகத்த லேசா ஏத்தினாரு, அங்க நிறைய பேரு ஏத்துவாங்க. அந்தப் பையன் ஸ்கிரீன விட்டு கண்ண எடுக்கல, அதுல நம்பர் சரியாத்தான் இருக்கு, ஆனா மண்டபத்துல பாட்டோட கிக், அதாவது டிரம் அடி, ஒரு பக்கம் விழுது தவில் ஒரு பக்கம் விழுது. மனுஷன் கை வேகத்த மெஷினு எப்படி புடிக்கும்? பாட்டு வேகத்த மாத்தற டெம்போ ஃபேடர ஒரு நூல் நகத்தியிருந்தா சேந்திருக்கும். தவில்காரர் வாசிப்ப நிறுத்திட்டு குச்சிய மடியில வச்சுட்டாரு. மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசிச்ச ஊர்க்காரன் நான், அத பாத்துக்கிட்டு நிக்கறதுக்கு அவ்ளோ வேதனையா இருந்துச்சு.

காதால சேக்கறதுங்கறது 1960கள் கடைசியிலயே நியூயார்க்ல ஃபிரான்சிஸ் கிராசோங்கற டிஜே பண்ணிக் காட்டின வித்தை. 1979ல வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2ங்கற ரெக்கார்டு பிளேயர்ல பிட்ச் ஃபேடர வச்சு வேகத்த 8 சதவீதம் கூட்டலாம் குறைக்கலாம், அதாவது 100ல போற பாட்ட 92லேர்ந்து 108 வரைக்கும் கொண்டுபோலாம், அதுக்குள்ள எல்லாத்தையும் காதாலயே சேத்தாங்க. கிளப்ல வைக்கற பயனியர் சிடிஜே பிளேயர்ல 2012ல நெக்சஸ் மாடல் வந்தப்பதான் சிங்க் பட்டனே வந்துச்சு. அடுத்து போடப்போற பாட்டு ஹெட்போன்ல ஒரு காதுக்கு, இன்னொரு காது மண்டபத்து சவுண்டுக்கு. ரெண்டு கிக்கும் ஒட்டி விழுந்தா ஒரே தும்முனு கேக்கும், கொஞ்சம் விலகினா த்தும்முனு இரட்டிக்கும், எது முந்துது எது பிந்துதுன்னு புரிஞ்சு பிளேயர்ல இருக்கற ஜாக் வீல்ங்கற சக்கரத்த லேசா தள்ளணும், இல்ல புடிக்கணும். பழகிட்டா ரெண்டு மூணு விநாடி வேலை.

எங்க பக்கம் தப்பு அடிக்கறவங்க வைக்கோல் தீயில தோல காட்டி, விரலால தட்டித் தட்டி சத்தத்த கேட்டுத்தான் போதும்னு எடுப்பாங்க, எந்த மீட்டரும் கிடையாது. அந்த செட்டுல வளந்த பசங்க என்கிட்ட வேலைக்கு வந்தா மிக்ஸிங்க சட்டுனு புடிச்சுக்கறாங்க, கம்ப்யூட்டர் நல்லா தெரிஞ்ச பசங்களுக்குத்தான் நாளாகுது.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் டிஜே கத்துக்குடுக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஒரு மாசம் லேப்டாப் ஸ்கிரீன துணி போட்டு மூடிடுங்க. ஒரே பாட்ட ரெண்டு பிளேயர்லயும் போட்டு, ஒண்ணோட வேகத்த கலைச்சு விட்டு, காதால சேக்க சொல்லுங்க. அப்புறம் தகிட நடைப் பாட்டு, அப்புறம் தவில் வாசிக்கறவர் ஒருத்தர பக்கத்துல உக்கார வச்சு அவரு கூட போகச் சொல்லுங்க, அவருக்கு சம்பளமும் குடுங்க. இதெல்லாம் வந்தப்புறம் சிங்க் தாராளமா அமுக்கட்டும், மிச்சமாகற நேரத்துல கூட்டத்த பாத்து அடுத்த பாட்ட எடுத்து வைக்கலாம்.

உங்க பத்திரிகையில இதப் பத்தி மறுபடி எழுதினா ஒரு தவில்காரர்கிட்டயும் ஒரு தப்பு கலைஞர்கிட்டயும் கேட்டு எழுதச் சொல்லுங்க. ஆள் வேணும்னா நானே கூட்டிட்டு வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர்,
நீடாமங்கலம்.