அப்பாவுக்கு, ஒரு பழைய பிக்அப் வண்டியைப் பற்றி

கிளீவ்லேண்ட், ஓஹையோ
ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நானும் உங்கள் மருமகளும் பேரனும் நலம். அங்கு நீங்களும் அம்மாவும் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வண்டியை விலைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றதும், "அந்த ஊரில் புது வண்டிக்கா பஞ்சம்?" என்று கேட்டீர்கள். அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியவில்லை. நான் பார்த்ததையும் பார்த்த விதத்தையும் வரிசையாக எழுதினால்தான் நீங்களும் அந்த வண்டியைப் பார்த்தது போல இருக்கும் என்பதால் இந்தக் கடிதம்.

வண்டி ஃபோர்டு எஃப்-100. முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள இருக்கை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி. இதை இங்கே பிக்அப் என்பார்கள். 1948ஆம் ஆண்டு மாதிரியாக எஃப் வரிசை வந்தது. எஃப்-100 என்ற பெயர் 1953இல் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருப்பது 1971ஆம் ஆண்டு வண்டி. விறகும் மரப்பலகையும் ஏற்றிவர 8 அடித் தொட்டி எனக்குத் தேவைப்படுகிறது. அதே வேலைக்குப் புது வண்டி வாங்கினால் பல ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும். பழுதானாலும் அதன் பானட்டைத் திறந்து நானே கை வைக்க முடியாது. இதில் அப்படியில்லை. என்ஜினுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஓர் ஆள் இறங்கி நின்று வேலை செய்யலாம். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆறு பிளக் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் உள்ளன. நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த அத்தனையும் இந்த வண்டியில் செல்லும்.

ஆனால் நீங்கள் கற்றுக்கொடுத்த வரிசையை மட்டும் இங்கே நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் முதலில் என்ஜினைப் பார்ப்பீர்கள். நான் முதலில் மண்டியிட்டு, டார்ச்சை அடித்து, வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிறேன். காரணம் உப்பு.

குளிர்காலத்தில் சாலையில் பனி உறைந்து வண்டிகள் வழுக்காமல் இருக்க, இங்கே லாரி லாரியாக உப்பைத் தூவுகிறார்கள். சமையல் உப்பைப் போலப் பொடியாக இருக்காது; சின்ன ஜல்லியைப் போலப் பரல் பரலாக இருக்கும் பாறை உப்பு. இந்த நகரத்தை ஒட்டியுள்ள ஈரி ஏரியின் அடியிலேயே, சுமார் 1,800 அடி ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து வெட்டி எடுக்கும் உப்பு இந்தச் சாலைகளுக்கே வருகிறது. உருகிய பனியில் கரைந்து, சக்கரம் வாரியடிக்க, அது சேஸிசின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், உள்மடிப்புகளிலும் கேபினின் மூலைகளிலும் சேறோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலும் உள்ளே இருப்பது போவதில்லை. நம் ஊரில் மழை வந்து உப்பளம் மூடியதும் உப்பு ஏற்றும் லாரியின் சேஸிசை நன்னீரில் கழுவிக் காயவைத்து, பழைய என்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டு இண்டு இடுக்கெல்லாம் நீங்கள் தடவியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த உப்புக்காற்றை இங்கே ஒரு மாநிலம் முழுவதும் விரித்துவிட்டது போல நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் போனால் கழற்றி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து மாட்டிவிடலாம். இந்த வண்டிகளுக்கு உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. சேஸிஸ் போனால் வண்டியே போயிற்று.

முதலில் பார்த்த வண்டி, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு பண்ணை வீட்டில் நின்றது. செக்கச் செவேலென்ற புதுப் பெயிண்ட், பளபளக்கும் பம்பர். பார்த்தவுடன் மனம் அதில் ஒட்டிக்கொண்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்போமே, அந்த மெல்லிய காந்தத்தைப் பழைய பனியனில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பெயிண்ட் கீறாமல் இருப்பதற்காகத் துணி. லேசான காந்தம் எதற்கென்றால், கனமான காந்தம், ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டிப் பசைக்கு மேலேகூட இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கதவில் ஒட்டியது, பானட்டில் ஒட்டியது. கதவுக்குப் பின்னால், கேபின் கீழே வளைந்து முடியும் மூலையில் வைத்தேன். கையை எடுத்ததும் காந்தம் நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு விரல் மேலே வைத்தேன், மறுபடியும் விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அங்கே தகடே இல்லை. வெறும் பட்டியை அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடியிலிருந்து விரலை விட்டபோது கரடுமுரடான பட்டியின் பின்புறமே கையில் தட்டுப்பட்டது.

அதன் பிறகு கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். இற்றுப்போன பழைய தரைத்தகட்டை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தகட்டை ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள். வண்டிக்கு அடியில் நுழைந்து, சேஸிசை முன்னிருந்து பின்னாக ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும் என்பீர்களே, அப்படிச் சொல்லிக்கொண்டே வந்த சேஸிஸ், பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடத்துக்கு வந்ததும் பொத்தென்று கேட்டது. அங்கே நகத்தால் நெம்பினால் துரு அப்பளம் போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. சரக்கு ஏற்றினால் முழுப் பாரமும் இறங்கும் இடம் அது. விற்பவர் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் எனக்கு வேண்டாம் என்று, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த வண்டியின் என்ஜினை நான் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம் உங்களுக்கு வியப்பாக இருக்கும். இந்த மாநிலத்தில் வண்டிகளுக்கு எஃப்.சி. போன்ற ஆண்டுப் பரிசோதனை கிடையாது. நாங்கள் இருக்கும் பகுதியில் புகைப் பரிசோதனை உண்டு. ஆனால் 25 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு அதிலும் விலக்கு. சேஸிஸ் இற்றுப்போன வண்டியையும் ஒருவர் சட்டப்படி விற்கலாம், இன்னொருவர் வாங்கிச் சாலையில் ஓட்டலாம். வாங்குகிறவனே ஆய்வாளராகவும் இருக்க வேண்டும். குழந்தையை அதில் உட்கார வைக்கப் போகிறேன் என்பதால் இதை நான் மிகவும் கனமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆவணங்களின் கதை வேறு. நம் ஊர் ஆர்.சி. புத்தகம் போல ஒரே ஆவணம் இல்லை. வண்டி யாருக்குச் சொந்தம் என்பதற்கு டைட்டில் என்ற பத்திரம் தனி, பதிவு தனி. விற்பவர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டால்தான் ஓஹையோவில் டைட்டில் கைமாறும். கடன் பாக்கி இருந்தால் அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். பதினேழு எழுத்துகள் கொண்ட வண்டி எண் 1981ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்துதான் பொதுவானது. அந்த எண்ணைக் கொடுத்தால் விபத்து, பழைய உரிமையாளர் என்று வரலாறு தேடித் தரும் சேவைகள் இருக்கின்றன. 1971 வண்டிக்கு அந்த வசதி இல்லை. அதன் வரலாற்றை அதன் இரும்பில்தான் படிக்க வேண்டும். மீட்டரிலும் ஐந்து இலக்கங்கள்தான். 99,999 மைலுக்குப் பிறகு மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கும். 43,000 என்று காட்டினால் 1,43,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கதவின் கீல் தொங்குகிறதா என்பதையெல்லாம் வைத்தே ஊகிக்க வேண்டும்.

இரண்டாவது வண்டிக்கு வருகிறேன். உரிமையாளர் வயதான ஓர் அம்மா. அவருடைய கணவர் அரிசோனாவில் வேலை பார்த்தபோது வாங்கி, ஓய்வு பெற்ற பிறகு இங்கே கொண்டுவந்து, குளிர்காலத்தில் வெளியே எடுக்காமலேயே வைத்திருந்தாராம். அரிசோனா பாலைநிலம், அங்கே வெயில் வண்டியைத் தின்னும், உப்பு தின்னாது. பச்சைப் பெயிண்ட் வெளிறிச் சுண்ணாம்பு பூத்தது போல இருக்கிறது, டேஷ்போர்டு வெடித்திருக்கிறது, ஜன்னல் ரப்பரெல்லாம் குச்சியாகக் காய்ந்துவிட்டது. பார்க்க அழகில்லை. ஆனால் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. சேஸிஸ் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கணீரென்றது. ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குத் தகடு, கேபின் சேஸிசோடு சேரும் தாங்கிகள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, எல்லாவற்றையும் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டேன்.

ஓட்டுநர் கதவின் விளிம்பில் உள்ள தகட்டில் எண் எஃப்10பி என்று தொடங்குகிறது. எஃப்10 என்றால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் எஃப்-100. அடுத்த எழுத்து என்ஜினைச் சொல்லும். பி என்றால் 300 கன அங்குல, வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின். கதவை வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருந்தால் தகடும் கூடவே வந்துவிடும் என்பதால், சேஸிசில் பொறித்த எண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டைட்டிலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒத்துப்போயின.

அந்த 300 என்ஜினை நீங்கள் பார்த்தால் விரும்புவீர்கள். ஏறக்குறைய 4.9 லிட்டர். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்க ஏழு பேரிங்குகள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை ஓட்டச் சங்கிலி கிடையாது, நேரடியாகப் பல்சக்கரம். 1965 முதல் 1996 வரை ஃபோர்டு வண்டிகளில் வந்த என்ஜின் இது. வேகத்துக்கான என்ஜின் அல்ல, குறைந்த சுற்றிலேயே இழுக்கும் என்ஜின்.

போவதற்கு முதல் நாளே, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். போனதும் நீங்கள் செய்வது போலவே பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. ஆயில் கம்பியை உருவி, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே தேய்த்தேன். கறுத்திருந்தாலும் நறநறப்பு இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்நிறப் படிவு இல்லாததால், தண்ணீர் ஆயிலில் கலக்கவில்லை என்று தெரிந்தது. சோக்கை இழுத்து, மூன்றாவது முயற்சியில் செல்ஃப் எடுத்தது. முதலில் கொஞ்சம் நீலப் புகை தள்ளி, அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. வால்வு சீல் காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். பெட்ரோல் டாங்க் இந்த வண்டியில் கேபினுக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னலை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்தபோது பெட்ரோல் வாடை வந்தது. டாங்கின் கழுத்தை இணைக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது. அதை மாற்றாமல் பேரனை அதில் ஏற்ற மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நான்கு சக்கரமும் டிரம் பிரேக். மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. வலது முன்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்ததால் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசிகிறது என்று நினைக்கிறேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின்னில், இடப்பக்கம் சிறிது ஆட்டம் இருந்தது. டயரில் பூக்கள், அதாவது தரையைப் பிடிக்கும் வரிகள், நன்றாக இருக்கின்றன. ஆனால் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கம் 2311, அதாவது 2011ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தவை. ரப்பருக்கு வயதாகிவிட்டதால் நான்கையும் மாற்றியே ஆக வேண்டும்.

ஓட்டிப் பார்த்தபோது ஒரு நிமிடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. பழைய அம்பாசிடர் போல ஸ்டியரிங் தண்டிலேயே கியர், மூன்றே கியர்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கொஞ்சம் சிக்கியது, கிளட்ச் வழுக்கவில்லை. இறக்கத்தில் காலை எடுத்தபோதும் கியர் தானாகக் கழன்றுகொள்ளவில்லை. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டும் வண்டிக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்த அம்மா 9,500 டாலர் கேட்டார். பிரேக், டயர், கிங்பின், டாங்க் குழாய் என்று எழுதிக் கணக்குக் காட்டினேன். குரலை உயர்த்தாமல், அவருடைய கணவரின் வண்டியை மட்டம் தட்டாமல் பேசினேன். 8,200க்குச் சம்மதித்திருக்கிறார். பழங்கால வண்டி என்று தனி நம்பர் பிளேட் இங்கே உண்டு, 25 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்குக் கொடுப்பார்கள். ஆனால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் அதில் ஓட்டலாம், விறகு ஏற்ற முடியாது. ஆகையால் சாதாரணப் பதிவே செய்யப்போகிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. குளிர்ந்த என்ஜினை எடுத்ததும் டிக் டிக் என்று ஓர் ஓசை வருகிறது. என்ஜின் சூடேறச் சூடேற அது குறைந்து, பத்து நிமிடத்தில் கேட்பதில்லை. வால்வைத் தள்ளும் டேப்பெட்டாக இருந்தால் சூட்டிலும் கேட்கும், இது புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கெட் கசிவோ ஆக இருக்கும், சூட்டில் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். ஆனால் கேம் பல்சக்கரத்தில் தேய்மானம் இருந்தாலும் இப்படிக் கேட்குமா என்று சந்தேகமாக இருக்கிறது. முதல் நொடியிலிருந்து பதினைந்து நிமிடம் வரை ஓசையைப் பதிவு செய்து தங்கையின் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் நிமிடத்தில் நான் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்திருக்கிறேன். அங்கே ஓசை என்ஜின் சுற்றோடு கூடுகிறதா என்று கவனித்துக் கேளுங்கள். வியாழக்கிழமை மாலை நோட்டரியிடம் வருவதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்கள் பதில் வரவில்லையென்றால் அந்தச் சந்திப்பை ஒத்திவைக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மகன்