ஹாலோவீன் கச்சேரி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அக்டோபர் 31, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு கச்சேரி நடக்கிறது. மேற்கத்திய இசையில் பேய், பிசாசு, சூனியக்காரி வரும் உருப்படிகளாகப் பார்த்து வாசிக்கப் போகிறார்கள். நம் வயலின் வகுப்புப் பிள்ளைகளையும் கேட்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அனுமதிப் படிவத்தைப் போன வாரமே பைகளில் வைத்து அனுப்பினோம். முப்பத்தெட்டில் பதினொன்றுதான் திரும்பி வந்தது. அதிலும் இரண்டில் கையெழுத்து இல்லை, கேள்விதான் இருந்தது: "பேய்க் கொண்டாட்டத்துக்கு எங்கள் பிள்ளைகள் எதற்கு?"

நியாயமான கேள்வி. நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தின இரவு என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயருக்கே பொருள். அதற்கடுத்த நாள், நவம்பர் 2, இறந்தவர்களை நினைக்கும் நாள். ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார்களே, அதே நாள். லண்டன் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு பிறகு வந்து சேர்ந்தது. அது எனக்கும் பிடிக்காது.

ஆனால் நான் பிள்ளைகளை அனுப்ப நினைப்பது வயலினுக்காக. பிரெஞ்சுக்காரர் சான்-சான்ஸ் 1874-இல் எழுதிய 'டான்ஸ் மக்காப்ர்', அதாவது மரண நடனம், அன்றைக்கு உண்டு. நள்ளிரவு மணியை ஹார்ப் என்ற பெரிய நரம்பு வாத்தியம் ஒரே சுரத்தில் பன்னிரண்டு தடவை அடிக்கும். அப்புறம் சாவு தானே வயலின் வாசிக்க, எலும்புக்கூடுகள் எழுந்து ஆடும்; எலும்போடு எலும்பு முட்டுகிற சத்தத்துக்கு சைலஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியம். கடைசியில் ஓபோ என்ற ஊதுகுழல் சேவலாகக் கூவியதும் எல்லாம் குழிக்குள் திரும்பிவிடும். மொத்தமே ஏழு நிமிடம்தான்.

அந்தச் சாவின் வயலினில் ஒரு தந்திரம் இருக்கிறது. வாசிப்பவர் முதல் தந்தியை அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்க்க வேண்டும். பக்கத்துத் தந்தியை ஸ என்று வைத்துக்கொண்டால், ப கேட்க வேண்டிய இடத்தில் அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள பிரதி மத்தியமம் கேட்கும். பழைய ஐரோப்பிய இசையாசிரியர்கள் இந்த இடைவெளிக்குச் சாத்தான் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் கர்நாடக இசையின் 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், சரிபாதி ராகங்களில் அது இருக்கிறது. அதில் ஒன்றான கல்யாணி ராகம் கேட்டு யாரும் பயந்து ஓடியதில்லை. போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை தந்தியை இறக்கி, இரண்டையும் சேர்த்து வில்லை இழுத்தாள். அக்காவோடு வந்திருந்த நாலு வயதுத் தம்பி உடனே வாசலைத் திரும்பிப் பார்த்து, "யாரோ கதவு திறக்கினம்" என்றான். அதே சத்தத்தை அந்த இருட்டில், எப்படி உண்டாக்குகிறார்கள் என்று தெரிந்த காதோடு பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி நடைமுறை. நிஜ மெழுகுதிரிகள் வாத்தியக்காரர்களைச் சுற்றி மட்டும்தான். நாம் உட்காரும் பக்கம் எல்லாம் பேட்டரி விளக்கு. ஹாலோவீன் உடுப்போடு வரலாம். ஆனால் தரையில் இழுபடும் மேலங்கியும் நைலான் முடியும் வேண்டாம். அவை எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடம் இன்ஹேலரைக் கொடுத்து விடுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களோடு பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். 25-ஆம் தேதி கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போவதால், அந்த வாரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நடந்து வருபவர்கள் ஒரு டார்ச் கொண்டு வாருங்கள்.

இடைவேளைத் தேநீருக்கு வடை சுட்டுத் தருவதாக இரண்டு அம்மாமார் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒருவர் கை கொடுத்தால் போதும்.

படிவங்கள் வருகிற சனிக்கிழமைக்குள் என் மேசைக்கு வரட்டும். யாராவது பாதியில் பயந்து அழுதால் கவலை வேண்டாம். நான் பின்வாசல் ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். வெளியே கூட்டிப் போய்ப் படியில் உட்கார வைத்துக் கதை சொல்லுவேன். வடையும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்