எந்த முறையில் அளந்தது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பாலியெஸ்டர் நூலில் படிகம், அதாவது சங்கிலி போன்ற மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்கி நெருங்கிய பகுதி, எத்தனை சதவீதம் என்று தரும் சோதனைச் சான்றிதழ் பற்றி எழுதுகிறேன்.

ஒருமுறை நேவி ப்ளூ போட்ட துணி முழுக்கப் பட்டை விழுந்துவிட்டது. வழக்கம்போல 130 டிகிரியில்தான் சாயம் ஏற்றியிருந்தோம். நூலின் டெனியர் (பருமன் அளவு) ஒன்றுதான், லாட் (தயாரிப்புத் தொகுதி) மட்டும் இரண்டு. பழி டையிங் மாஸ்டர் மேல் விழுந்தது, சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த கோன்களில் லாட்டுக்கு ஒரு துண்டு நூல் எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். கீழே போகப் போக அடர்த்தி கூடும்படி திரவம் நிரப்பிய நீளமான கண்ணாடிக் குழாயில் இரண்டையும் போட்டார்கள். ஒன்று அடர்த்தி 1.380 (ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம்) உள்ள இடத்தில் நின்றது, இன்னொன்று இன்னும் இறங்கி 1.390-இல் நின்றது.

முழுக்கப் படிகமான பாலியெஸ்டரின் அடர்த்தி 1.455, படிகமே இல்லாததற்கு 1.335. கணக்குப் போட்டால் முதல் நூலில் படிகம் 37.5 சதவீதம், அடுத்ததில் 46. சாயம் படிகத்துக்குள் நுழையாது, இடையில் தளர்வாக இருக்கும் பகுதியில்தான் ஏறும். வெளிறிய பட்டை எல்லாம் அந்த 46 சதவீத நூல்.

ஆனால் நூல் விற்றவர் காட்டிய சான்றிதழில் இரண்டு லாட்டுக்கும் ஒரே எண்! விசாரித்தால், நூலை உருக்கி, உருக எவ்வளவு வெப்பம் பிடித்தது என்று பார்த்து எடுத்த கணக்கு அது. சூடேறும்போதே படிகம் கொஞ்சம் வளர்ந்துகொள்ளும். நூல் வந்தபோது இருந்த வித்தியாசம் மங்கிப்போகும்.

என் எண்ணும் வேதவாக்கு இல்லை. இழுத்து நீட்டிய இழையில் படிகமாகாத சங்கிலிகளும் ஓரளவு ஒரே திசையில் நெருங்கி நிற்கும், அவற்றுக்கு 1.335 சரியாக வராது. எக்ஸ்ரேயில் பார்த்தால் நீட்டாத இழை முழு வளையமாகவும் நீட்டிய இழை துண்டு வில்லாகவும் தெரியும். வில் குறுகக் குறுக அடுக்கு நேராக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், அங்கேயும் படிகத்தின் பங்கையும் மற்றதையும் எந்தக் கோட்டில் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சதவீதம் மாறும்.

அதனால் சோதனைக்கூடங்களுக்கும் நூல் வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெறும் சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். எந்த முறை, எந்த அடர்த்தியை வைத்துக் கணக்கு என்று அதே தாளில் சேர்த்து எழுதுங்கள். சாயப்பட்டறைக்காரர்களும் லாட் மாறும்போது பழைய லாட்டில் ஒரு கோனையாவது எடுத்து வையுங்கள். அன்று மிச்சக் கோன் இருந்ததால்தான் மாஸ்டரின் பணம் திரும்பி வந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
திருப்பூர்